மூன்று புள்ளி இல்லாத தட்டு

சென்னையில் சேகர் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல வேலை, நல்ல சம்பளம். அதில் பாதியைப் பழைய இசைத்தட்டு விருதுகளில் போடுகிறார். ஒரு காலத்தில் ஓர் இசைத்தட்டு ஏகமாக விற்றுவிட்டால், அதை வெளியிட்ட கம்பெனி விழா வைத்து, பாடியவர்களுக்கும் இசையமைத்தவருக்கும் தங்க நிறத்தில் ஒரு தட்டைச் சட்டம் போட்டுக் கொடுக்கும். ஊசி வைத்தால் பாடாது. சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான். அந்தத் தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்குத் தமிழ்நாட்டில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சேகர் அவர்களுக்கு ஒரு தலைவர் மாதிரி. இதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார். அதன் இரண்டாம் பதிப்புக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: போலியைக் கண்டுபிடிப்பது எப்படி.

என்னைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஒரு கம்பெனி அந்தத் தட்டுகளை உலோகத்தில் செய்து கட்டுப்படியாகாமல், பீங்கானில் செய்யச் சொல்லி எங்கள் விருத்தாசலத்துக்கு ஆர்டர் கொடுத்தது. ஐந்தாறு வருஷம் அந்த வேலை நடந்தது. அத்தனை தட்டுக்கும் தங்கம் வைத்தவன் நான்.

எழுத உட்கார்ந்தேன். "அடியில் மூன்று புள்ளி இல்லாத தட்டு போலி" என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. முதல் வரியே பொய் என்று எனக்குத் தெரியும். அது ஏன் பொய், யாரால் பொய் என்பதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் முடியாது.

நான் பத்தாவது பெயில். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பத்தாவது பெயிலானவனுக்குப் பீங்கான் கம்பெனிதான் கல்லூரி. முதல் இரண்டு வருஷம் அச்சுகளில் களிமண் குழம்பு ஊற்றினேன். அடுத்த இரண்டு வருஷம் பொம்மைகளுக்குப் புருவம் எழுதினேன். ஒரு நாளைக்கு இருநூறு பொம்மை என்றால் நானூறு புருவம். கை நடுங்காதவன் என்று பெயர் வாங்கினேன். கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்தே வந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் பத்மநாபன் சார் என்னைத் தங்கப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்.

பத்மநாபன் சார் எங்கள் சூப்பர்வைசர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பென்சில். நாள் முழுக்கக் களிமண்ணுக்கு நடுவில் நடந்தும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு படாது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால், "இன்னொரு தடவை பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லுவார். அந்த 'ங்க'வைக் கேட்டால் முதலிலிருந்து செய்யத் தொடங்குவோம். தட்டு சூளையிலிருந்து வந்ததும் காதருகே வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். 'டிங்' என்று நீளமாகக் கேட்டால் பென்சிலால் ஒரு டிக். சத்தம் மொண்ணையாக இருந்தால் உள்ளே விரிசல். அதைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் அவரே உடைப்பார். விருதுத் தட்டு என்றால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு உடைப்பார். "இதுல ஒருத்தர் பேரு இருக்குது. தப்பான கைக்குப் போவக் கூடாது பாருங்க" என்பார். அவரை நான் மதித்தேன். இப்போதும் முழுசாக வெறுக்க முடியவில்லை.

தட்டு செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று புரியாது.

ஒரு தட்டு மூன்று முறை வேகும். முதல் வேக்காட்டில் அது வெறும் வெள்ளை ஓடு. அதன் நடுவில், நிஜ இசைத்தட்டில் லேபிள் ஒட்டுகிற இடத்தில், கறுப்பு நிறத்தில் பெயரை எழுதுவேன். அதன்மேல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற கிளேஸில் முக்கி எடுத்து, இரண்டாவது முறை சூளையில் வைப்போம். அந்த வேக்காட்டில் எழுத்து கிளேஸுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கத்தியால் சுரண்டினாலும் போகாது. ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதவும் முடியாது.

மூன்றாவது வேக்காடு தங்கத்துக்கு. சீசாவில் வரும் அந்தத் தங்கம், பார்த்தால் வெல்லப்பாகு மாதிரிப் பழுப்பாக இருக்கும். வாடை மூக்கைத் துளைக்கும். தட்டைச் சுழல்மேடையில் வைத்து, ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையில் பிரஷ்ஷை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மூச்சு விடக்கூடக் கூடாது. பிறகு கரண்ட் சூளையில் வைத்து, உள்ளே செக்கச் சிவக்கிற வரைக்கும் சூடேற்ற வேண்டும். புகை போவதற்காகக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, நேரம் பார்த்து மூட வேண்டும். மறுநாள் திறந்தால் பழுப்பெல்லாம் போய்த் தங்கம் மின்னும். சூடு குறைந்த இடத்தில் இருந்த தட்டும் மின்னத்தான் செய்யும். ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் தங்கம் துணியோடு வந்துவிடும்.

சூளையில் சூடு ஒரே சீராக நிற்பது நடு அடுக்கில். கதவோரத்தில் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் நிற்காது. எது எங்கே இருக்க வேண்டும் என்று அடுக்குகிறவன் நான்.

வேலை திருப்தியாக இருந்தால், தட்டின் பின்பக்க விளிம்பில் மிச்சத் தங்கத்தால் மூன்று புள்ளி வைப்பேன். யாரும் சொல்லி வைத்ததல்ல. என் கையின் தலைக்கனம் அது. பத்மநாபன் சார் பார்த்தும் பார்க்காதது மாதிரி விட்டுவிட்டார்.

இனி அந்த ஆர்டர். மாரியம்மன் பாட்டு இசைத்தட்டு ஒன்று தமிழ்நாடு முழுக்கக் கோயில் ஒலிபெருக்கிகளில் பாடித் தீர்த்தது. ஆறு பேருக்குத் தட்டு என்று கடிதம் வந்தது. வழக்கப்படி ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தட்டு செய்தோம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்க வேண்டுமே. கிளேஸ் சூளை மூட்டப் போகிற அன்று காலையில் சென்னையிலிருந்து டிரங்கால் போன் வந்தது. ஒரு பெயர் விட்டுப்போய்விட்டதாம். மூன்று பாட்டில் முன்பாட்டு பாடிய, அதாவது முதலடி எடுத்துக் கொடுத்த அம்மா, பெண்ணாடத்துப் பக்கம். இசைத்தட்டின் உறையில்கூட அவர் பெயர் இல்லை. "குழுவினர்" என்பதில் அடக்கிவிட்டார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் கம்பெனியில் சண்டை போட்டுச் சேர்க்க வைத்திருக்கிறார். 'அஞ்சலையம்மாள்' என்று அவசர அவசரமாக ஒரே ஒரு தட்டில் எழுதினேன். இரண்டாவது எழுத நேரமில்லை.

கிளேஸ் வேக்காட்டில் தேறியவற்றில் பெயருக்கு ஒன்றாக எடுத்துத் தங்க வேக்காட்டுக்கு அடுக்கினேன். நடு அடுக்கில் ஆறு தட்டுதான் பிடிக்கும். இசையமைப்பாளரும் பெரிய பாடகர்களும், எல்லாம் ரேடியோவில் கேட்ட பெயர்கள். ஏழாவது பெயர் நான் கேள்விப்படாத பெயர். அதைக் கதவோரத்தில் வைத்தேன். யோசிக்கக்கூட இல்லை. கை தானாக அங்கே போனது.

மறுநாள் காலையில் சூளையைத் திறந்தோம். ஆறும் அருமை. ஏழாவதை ஈரத்துணியால் துடைத்தேன். துணி மஞ்சளானது. கால்வாசித் தங்கம் போய், அடியில் வெள்ளை தெரிந்தது. சென்னைக்குப் போகிற வேன் கேட்டில் நின்றது. மறுநாள் சாயங்காலம் விழா. இன்னொரு முறை சூளை ஏற்றி இறக்க ஒரு முழு நாள் வேண்டும்.

பத்மநாபன் சார் தட்டை வாங்கி, வழக்கம்போல முட்டியால் தட்டினார். 'டிங்' என்று நன்றாகவே கேட்டது.

"ஓடு நல்லா இருக்குதுங்க" என்றார்.

"தங்கம் நிக்கலீங்க சார்."

"மொத்தத்தையும் துடைச்சி எடுத்துடுங்க. படச் சட்டத்துக்கு அடிக்கிற தங்கப்பொடி ஸ்டோர்ல இருக்குது. வார்னிஷ்ல கொழைச்சி அடிங்க. காய ரெண்டு மணி நேரம் போதும்."

நான் ஸ்டோர் பக்கம் திரும்பவில்லை.

"ராமலிங்கம், அந்தம்மா மேடையேறி வெறுங்கையோட எறங்கணுமா? அதச் சொல்லுங்க. அடுத்த சூளையில நல்லதா ஒண்ணு போட்டு மாத்திக் குடுத்துடுவோம். பெண்ணாடம் என்ன, பக்கத்து ஊருதான?"

அந்த வாதத்தில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அடித்தேன். நன்றாகவே அடித்தேன். மூன்றடி தூரத்தில் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது. வழவழப்பான கிளேஸ் மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது, தண்ணீர் பட்டால் உரிந்துவிடும் என்பதால், கம்பெனிச் சீட்டு ஒன்றில் எழுதி வைக்கச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன்: "தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும்."

பெட்டியில் வைக்கும்போது சார் தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி வெக்கலியா?"

"இது என் வேலை இல்லீங்க சார்" என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. தப்பு செய்தாலும் அதில் கையெழுத்துப் போடாத யோக்கியன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சூளையில் மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் ஏறியது. அதற்கடுத்ததில் வேறு எதுவோ. ஒரு மாதம் கழித்து ஞாபகப்படுத்தினேன். "போட்டுடுவோங்க" என்றார். இரண்டாவது முறை நான் ஞாபகப்படுத்தவில்லை. சில வருஷத்தில் கேசட் வந்து இசைத்தட்டு ஆர்டரும் நின்றது. பத்மநாபன் சார் ரிட்டையராகி, செத்தும் போனார்.

நானும் ரிட்டையராகி வெகுநாள் கழித்துத்தான் சேகர் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். பையிலிருந்து சட்டம் கழற்றிய நான்கு தட்டுகளை எடுத்து வைத்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் புள்ளிகளைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்ல என்ன? இப்போது போலித் தட்டுகள் நிறைய வருவதாகவும், அடையாளம் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். மூன்று புள்ளியைக் காட்டினேன். அவர் குழந்தை மாதிரிக் கை தட்டினார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. உள்ளே என் படம். அடியில், "பீங்கான் தட்டில் இவருடைய மூன்று புள்ளி இருந்தால் நிஜம், இல்லாவிட்டால் இல்லை." மருமகளிடம் காட்டினேன், டீக்கடையில் காட்டினேன், பல் டாக்டரிடம்கூடக் காட்டினேன். அந்தப் பெண்ணாடத்துத் தட்டு ஒரு முறைகூட என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டேன்.

வைகாசியில் சேகர் காரோடு வந்தார்.

"பெண்ணாடத்துல ஒரு தட்டு இருக்குதாம் சார். பாடுன அம்மாவோட பொண்ணு போன் பண்ணாங்க. நீங்களும் வாங்க, பாத்துடலாம்."

காரில் ஏறும்போதே யார் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் முன்னால் ஊர்ந்தன. இன்னும் மெதுவாகப் போனால் தேவலை என்று இருந்தது.

ஓட்டு வீடு. அஞ்சலையம்மாளுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பார்வை மங்கல். மகள் செல்வி தையல் வேலை செய்கிறாள். புருஷன் இல்லை, அம்மாவோடுதான் இருக்கிறாள். தட்டை விற்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அது இல்லை.

"விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் அஞ்சலையம்மாள். "புஸ்தகத்துல எல்லாரு தட்டும் வந்திருக்குதாமே. என்னுதும் அதுல வரணும். நான் பாடுனேன்னு எழுதியிருக்கிறது இந்தத் தட்டுல மட்டுந்தாங்க. எனக்கப்பறம் இத யாரு வெச்சிருப்பாங்களோ தெரியல. புஸ்தகத்துல இருந்தா இருக்கும்."

சட்டம் எப்போதோ உடைந்துபோய், பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த தட்டை செல்வி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அதோடு ஒரு சீட்டும் வந்தது. நான்காக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. என் கையெழுத்து.

"இதுல போட்டிருக்கிறபடியே வெச்சிருக்கங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. மழையில வூடு ஒழுவுனப்பகூட மொதல்ல இதத்தான் தூக்கிக்கிட்டு ஓடுவேன்."

சேகர் தட்டைத் திருப்பினார். விளிம்பு முழுக்க டார்ச் அடித்துத் தேடினார். அவர் முகம் மாறியது. பையிலிருந்து பஞ்சும் நெயில் பாலிஷ் ரிமூவரும் எடுத்து, "அம்மா, ஓரத்துல லேசா ஒரு டெஸ்ட் பண்ணலாங்களா?" என்றார். சுட்ட தங்கம் அதற்கெல்லாம் அசையாது. இதில் ஒரே இழுப்பு. பஞ்சு பழுப்பானது, தட்டில் விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது.

சேகர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். இது உங்க வேலையா?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊசியைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரைச் சுரண்டிக் காட்டியிருக்கலாம். எழுத்து அசையாது. கிளேஸுக்கு அடியில் வெந்த பெயர், எங்கள் கம்பெனியில் எழுதிய பெயர், இதைப் போலி என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஒரே நிமிஷத்தில் நிரூபித்திருக்கலாம். தங்கத்தை மட்டும் நான் கெடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இது என் வேலை இல்லீங்க" என்றேன்.

அஞ்சலையம்மாள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப அன்னிக்கி மேடையில எங்கையில குடுத்தாங்களே, அது என்னாதுங்க?"

சேகர் மரியாதையான மனிதர். "யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்கம்மா" என்றார். திரும்பி வரும்போது காரில், "பாவம், எங்கயாச்சும் செஞ்சி வாங்கியிருப்பாங்க. வயசான காலத்துல இப்படி ஒரு ஆசை" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே அந்தத் தட்டின் படம், மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, சேகருடைய போன் குரூப்பில் வந்தது. யாரையும் கேவலப்படுத்த அல்ல, மற்றவர்கள் ஏமாறாமல் இருக்கத்தான். ஆனால் 'அஞ்சலையம்மாள்' என்ற பெயர் படத்தில் நன்றாகத் தெரிந்தது. குரூப்பில் பெண்ணாடத்துக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் செல்வி எனக்குப் போன் செய்தாள்.

"ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரே ஒரு வார்த்த. அன்னிக்கி நல்லாப் பாத்துட்டுத்தான சொன்னீங்க?"

"ஏம்மா?"

"எங்க தெரு மாரியம்மனுக்கு ஆடியில கூழு ஊத்துவாங்க. நாப்பது வருசமா மொதப் பாட்டு அம்மாதான். மைக்குல 'தங்கத்தட்டு அஞ்சலையம்மா'ன்னுதான் கூப்புடுவாங்க. இந்த வருசம் திட்டக்குடியிலேர்ந்து வேற குரூப்ப வர வெச்சிட்டாங்க. கேட்டா, ஊர ஏமாத்துனது போதும்னு சொல்றாங்க. அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நெசமாத்தான் குடுத்தாங்கன்னே சொல்லிக்கிட்டிருக்குது. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல."

அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பாத்துட்டுத்தாம்மா சொன்னேன்" என்றேன்.

முதல் தடவை பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. புத்தகத்தில் என் படம் இருந்தது. ஊரில் நாலு பேர் மதித்தார்கள். அதை விட எனக்கு மனசில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகுதான் சேகர் இந்த இரண்டு பக்கத்தைக் கேட்டார். அந்த முதல் வரியை எழுதி, அதையே பார்த்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டு வாசலில் தண்ணீர்க் குடம் இருந்தது. அதன் மேல் மூடியாக அந்தத் தட்டு கவிழ்ந்திருந்தது. எடுத்துத் திருப்பினேன். ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. கம்பி நாரால் தேய்த்த கோடுகள் சுற்றிச் சுற்றித் தெரிந்தன. நடுவில் பெயர் மட்டும் கறுப்பாக, நான் எழுதியபடியே இருந்தது.

"அம்மாவே தேச்சிடுச்சிங்க" என்றாள் செல்வி. "கூழு ஊத்துன அன்னிக்கி. மைக்கு சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். கேட்டுக்கிட்டே கொழாயடியில உக்காந்து தேச்சிது. நான், சரி வுடும்மா, நடந்தது நடந்துபோச்சி, இனிமே இதப் பத்திப் பேசாதன்னு சொன்னேன்."

அவளிடம் ஊசி கேட்டேன். தையல் மிஷினிலிருந்து எடுத்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அஞ்சலையம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இந்தப் பேரச் சுரண்டும்மா."

செல்வி சுரண்டினாள். அழுத்திச் சுரண்டினாள். ஊசிதான் வளைந்தது.

"இது உள்ள வெந்த பேரு. அப்பறமா யாரும் எழுத முடியாது. எழுதுனது நான்தான். அந்தச் சீட்டும் நான் எழுதுனதுதான். உங்கம்மாவுக்கு நெசமாத்தான் குடுத்தாங்க. தங்கம் சூளையில நிக்கல. பெயின்ட் அடிச்சி அனுப்புனேன். அன்னிக்கி இல்லன்னு சொன்னது பொய். போன்ல சொன்னதும் பொய்."

செல்வி ஊசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "வுடும்மான்னு சொன்னனே" என்றாள் மெதுவாக. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அஞ்சலையம்மாள் கையை நீட்டினார். தட்டைக் கொடுத்தேன். பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினார். கிளேஸ் வழவழவென்று இருக்கும். விரலுக்கு எழுத்து தட்டுப்படாது. வெகுநேரம் தடவினார்.

"மொத்தம் எத்தன தட்டுங்க?"

"ஏழும்மா."

"ஏழுக்குமே பெயின்ட்தானா? இல்ல எனக்கு மட்டுமா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏழுக்கும்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு பட்டும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

"உங்களுக்கு மட்டுந்தாம்மா."

"ஏங்க?"

"நடு அடுக்குல ஆறுதான் பிடிக்கும். உங்க பேரு எனக்குத் தெரியாத பேரு. கதவோரம் வெச்சிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி படக்கூடாதுன்னு ஒரு சீட்டு வந்துச்சே. அத செல்விய தெனம் படிக்கச் சொல்லுவேன், சின்னப் புள்ளையா இருந்தப்ப. என் தட்டு மேல யாருக்கோ இவ்ளோ அக்கறையான்னு எனக்கு அப்ப அவ்ளோ சந்தோசங்க."

என்னிடம் அந்தத் தட்டைக் கொடுங்கள், விருத்தாசலத்தில் தெரிந்த சூளை இருக்கிறது, நிஜத் தங்கம் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். வேண்டாம் என்றார்.

"இனிமே என்னாத்துக்குங்க? கண்ணும் தெரியல. நீங்க கெளம்புங்க, மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் நேரமாவும்."

பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்த மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவைப் பார்த்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அடுத்த ஆடிக்குப் பாக்கலாங்க" என்றார். அடுத்த ஆடிக்கு அந்த அம்மாள் குரல் எப்படி இருக்கும், ஆளே இருப்பாரா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சேகர், நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். அந்தச் சிவப்புக் குறியை எடுத்துவிட்டு, குரூப்பில் இதை முழுசாகப் போடுங்கள். புத்தகத்திலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அஞ்சலையம்மாளின் தட்டைப் படம் பிடித்துப் போடுங்கள், தங்கம் இல்லாமல், கம்பி நார் கோடுகளோடு. இதையெல்லாம் நான்தான் எழுதினேனா என்று யாராவது கேட்கலாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். இது என் வேலை.